நாலு பேர் நூடுல்ஸ்!

ஹாஸ்டல்ல ராத்திரி பதினோரு மணிக்குப் பசிச்சா யாரு துணை? ஒரு கெட்டில், ஒரு பாக்கெட் மேகி! 1983-ல இந்தியாவுக்கு வந்த இந்த நூடுல்ஸுக்கு ரெண்டு நிமிஷம் போதும். ஒரே ஒரு ஆளும் போதும்.

நம்ம ஊர் நூடுல்ஸ் அப்படியே உல்டா. அதுக்கு அரை நாள் வேணும், நாலு பேர் வேணும். சேலம், நாமக்கல், ஈரோடு, கோவைப் பக்கத்து ஆளுங்க இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க... சந்தகை! சில வீட்ல சந்தவை, சில வீட்ல சேவை.

'இடியாப்பம்தானே?'னு கேட்டுடாதீங்க, எங்க ஆயாவுக்குக் கோபம் வந்துடும். இடியாப்பத்தைப் பிழிஞ்ச பிறகு வேகவைப்போம். சந்தகைக்குப் புழுங்கலரிசியை ஊறவெச்சு, கெட்டியா ஆட்டி, இட்லி மாதிரி வேகவெச்சு, ஆவி பறக்கறப்பவே அச்சுல போட்டுப் பிழியணும். ஏன் சுடச்சுட? கோதுமை நூடுல்ஸைப் பிடிச்சு நிறுத்த குளூட்டன் இருக்கு. அரிசியில அது கிடையாது. வெந்த ஸ்டார்ச்தான் பசை. ஆறினா இறுகிடும். அப்புறம் எந்தப் பயில்வான் வந்தாலும் அச்சு அசையாது!

அதனாலதான் ஆள் கணக்கு. பானையிலேர்ந்து எடுத்துத் தர ஒருத்தர், முக்காலி மாதிரி நிக்கிற அச்சை அமுக்கிப் பிடிக்க ஒருத்தர், கைப்பிடியைத் திருக ஒருத்தர், பாவு நூல் மாதிரி இறங்கறதைத் தட்டுல வாங்க ஒருத்தர். இளம்பிள்ளையில எங்க வீட்ல இது தறி நிக்கிற நாள் வேலை. மத்த நாள்ல விசைத்தறிச் சத்தத்துல யார் பேசறதும் யாருக்கும் கேக்காது. மாமாவோட கடன், அக்காவுக்கு வந்த வரன் எல்லாம் அச்சைச் சுத்தி உட்கார்ந்தப்பதான் வெளியே வரும். பாதி எலுமிச்சை தாளிப்புக்கு, பாதி வெல்லம் போட்ட தேங்காய்ப்பாலுக்கு. முதல் தட்டு யாருக்குனு பொடிசுங்க சண்டை வேற!

இப்போ அக்கா திருப்பூர்ல, மாமா பையன் பெங்களூர்ல, நான் ஹாஸ்டல்ல. அச்சு பரண்ல. ''அரிசி இருக்கு கண்ணு, திருகத்தான் கை இல்ல''ங்கறாங்க ஆயா. கடையில காய்ஞ்ச சேவை பாக்கெட் கிடைக்குது. ருசிகூடப் பரவாயில்ல. ஆனா, அதுக்கும் ஒரே ஆள் போதும்... அதான் பிரச்னையே!

மேலே சொன்ன இடியாப்பம் இருக்கே, அது கடல் தாண்டி மலேசியாவுல 'புட்டு மாயம்' ஆகிடுச்சு. துருவின தேங்காயும் நாட்டுச்சர்க்கரையும் தூவி, அங்கே தெருவுல இன்னமும் விக்கிறாங்க. போன இடத்துல அது பிழைச்சிருக்கு. பிறந்த ஊர்ல சந்தகை அச்சு தூசி தின்னலாமா?

அடுத்த லீவுல ஊருக்குப் போனதும் அச்சை இறக்கிக் கழுவி எண்ணெய் தடவுங்க. செல்போனை ஓரமா வெச்சுட்டு கைப்பிடியைப் பிடிங்க. மூணாவது ஈடுலயே தோள்பட்டை கழண்டுடும். ஆயா இத்தனை வருஷம் இதை முகம் சுளிக்காம செஞ்சாங்கனு அப்போ புரியும். ரெசிபி நெட்ல கிடைக்கும் பாஸ். மாவு எவ்வளவு கெட்டியா இருக்கணும்ங்கறது மட்டும் ஆயா விரலுக்குத்தான் தெரியும். அவங்க இருக்கறப்பவே பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கங்க!