எல்லைக்கோடு அறியாத மலைப்பாதைகள்

முதுகில் பையும் கையில் கூடாரமுமாய் மலையேறும் வழக்கம் நம் நகரத்து இளைஞரிடையே பரவி வருகிறது. உடலுக்கு வலிமையும் உள்ளத்திற்குத் தெளிவும் தரும் இவ்வழக்கம் வரவேற்கத்தக்கதே. ஆயினும், காட்டுக்குள் கால்வைப்போர் எதை விலை கொடுத்துப் பெற வேண்டும், எதை இலவசமாகப் பெற முடியாது என்பதை நாம் சிந்தித்தாக வேண்டும்.

தமிழகத்தை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் நில அமைப்பு விந்தையானது. பரம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அதற்குச் செல்லும் சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழகத்தினூடே செல்கிறது. கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு ஏறும் ஜீப்புகளோ இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து புறப்படுகின்றன. வரைபடத்தில் கோடு ஓரிடத்தில், வழி வேறிடத்தில்.

இந்த முரண் வெறும் புவியியல் செய்தியன்று. 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கியோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்களை இழந்தோம். மார்ச் மாதத்தில் மலைச்சரிவின் புல் காய்ந்து சருகாகிக் கிடக்கும். காற்று துணைசேர்ந்தால் தீ மேட்டை நோக்கி மனிதனின் ஓட்டத்தைவிட விரைந்து பாயும். இதனைக் காட்டோடு வாழ்ந்தவர் அறிவர். கைப்பேசி வரைபடம் அறியாது. 2022 பிப்ரவரியில் மலம்புழையை அடுத்த சேராடு மலையின் பாறை இடுக்கில் 40 மணி நேரத்திற்கும் மேலாகச் சிக்கிக்கொண்ட இளைஞர் ஒருவரை இராணுவ வீரர்கள் மீட்டதும் நினைவில் கொள்ளத்தக்கது.

அதற்காக மலையேற்றத்தையே தடைசெய்வது தீர்வாகுமா? ஆகாது என்பதே நம் கருத்து. தடை விதித்தால் ஆர்வம் அடங்குவதில்லை. அது காவலில்லாத பாதைகளைத் தேடிச் செல்கிறது. அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இணைந்த முறையே பயன் தரும். தேக்கடியில் ஒருகாலத்தில் காட்டுப் பொருள்களைத் திருட்டுத்தனமாக எடுத்து வந்தோரே பயிற்சி பெற்று, பெரியாறு காப்பகத்தின் காவலராகவும் வழிகாட்டியராகவும் மாறினர். பரம்பிக்குளத்தில் காடர், மலசர், முதுவர் முதலிய பழங்குடியினர் பயணிகளுக்கு வழிகாட்டுகின்றனர். தமிழக அரசும் 2024 அக்டோபரில் 40 தடங்களை இணையவழி முன்பதிவோடு திறந்து, உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டியராக அமர்த்தியது.

இயற்கை பொதுச்சொத்து, அதைக் காணக் கட்டணம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மாணவருக்குக் கட்டணம் சுமையாகும் என்பது உண்மை. அவர்களுக்குச் சலுகை வேண்டும் என்பதை நாமும் வலியுறுத்துகிறோம். ஆனால் அக்கட்டணம் காட்சிக்குரிய விலையன்று. எந்தச் சரிவில் யானை இறங்கும், எந்த ஓடை திடீரெனப் பெருகும், எந்த நாளில் திரும்பிவிட வேண்டும் என்னும் அறிவுக்குரிய ஊதியம். அவ்வூதியம் மலைவாழ் குடும்பத்தின் அடுப்பை எரிக்கிறது. காட்டைக் காப்பதில் அவர்களுக்கு ஒரு பங்கையும் தருகிறது.

எஞ்சியிருக்கும் குறை ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தில் ஏறி மறு மாநிலத்தில் இறங்கும் பாதைகளுக்கு இரு மாநில வனத்துறைகளும் இணைந்த ஒரே அனுமதிச்சீட்டை வழங்க வேண்டும். காட்டுத்தீ, கனமழை எச்சரிக்கைகள் அச்சீட்டின் வழியே பயணியின் கைப்பேசிக்கு எட்ட வேண்டும். யார் உள்ளே சென்றார், யார் வெளியே வந்தார் என்னும் கணக்கு இருபுறமும் இருக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. பயணச் செலவைத் திட்டமிடுகையில் காலணிக்கும் கூடாரத்திற்கும் ஒதுக்கும் தொகையோடு அனுமதிக் கட்டணத்தையும் வழிகாட்டியின் ஊதியத்தையும் முதல் வரியிலேயே எழுதுவோம். விபத்துக் காப்பீடு உடையோர், சாகசப் பயணங்களுக்கு அதில் விலக்கு உள்ளதா என ஒப்பந்தத்தைப் படித்தறிவது நன்று. சேமிப்பில் சிக்கனம் அழகு. பாதுகாப்பில் அது அழகன்று.