சொல்லும் அதன் சுற்றமும்: காரணம் கூறும் ஆங்கிலத் தொடர்கள்



'தீங்கு இழைத்தான்' என்று கூறுகிறோம். 'நன்மை இழைத்தான்' என்று எவரும் கூறுவதில்லை. அநீதி, துரோகம், கொடுமை ஆகியவையே 'இழைத்தல்' என்னும் வினையோடு கூடி வருகின்றன. நன்மையும் உதவியும் 'புரிதல்' என்பதோடு சேர்கின்றன. இதனை இலக்கண நூல் எதுவும் விதிக்கவில்லை. மக்கள் வழக்கே விதித்தது. மனிதருக்குச் சுற்றம் இருப்பதுபோலச் சொற்களுக்கும் சுற்றம் உண்டு. தாய்மொழியில் அதனை மடியிலிருந்தே அறிந்துகொள்கிறோம். அயல்மொழியில் கற்றே அறிதல் வேண்டும். காரணம் கூறுவதற்கு ஆங்கிலம் ஆளும் தொடர்களை இத்திங்கள் காண்போம்.

சொற்களின் இச்சேர்க்கையை ஆங்கிலத்தில் 'கொலொகேஷன்' என்பர். 1933-இல் தோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஹரால்டு பாமர், மாணாக்கர் பொருட்டு இத்தகைய தொடர்களைத் திரட்டி அறிக்கையாக வெளியிட்டார். மொழியியலில் இக்கருத்துக்கு உரிய இடத்தைப் பெற்றுத் தந்தவர் ஜே. ஆர். ஃபர்த். இவர் லண்டனில் பேராசிரியராவதற்கு முன், 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்போரிடையே வாழ்ந்தவர்கள் இப்பொருளில் கருத்துச் செலுத்தியது இயல்பே.

முதலில், காரணம் எனப் பொருள்படும் 'காஸ்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இது வினையாக வரும்போது அதன் சுற்றம் பெரும்பாலும் துன்பமே. 'காஸ் டேமேஜ்' என்றால் சேதம் விளைத்தல். 'காஸ் டிலே' என்றால் தாமதம் உண்டாக்குதல். 'காஸ் பெயின்', 'காஸ் ட்ரபிள்' என்பவையும் அவ்வாறே. மைக்கேல் ஸ்டப்ஸ் என்னும் மொழியியலாளர் ஏராளமான ஆங்கில வாக்கியங்களைக் கணிப்பொறி கொண்டு ஆராய்ந்து, இச்சொல் பெரும்பாலும் தீயவற்றோடேயே சேர்கிறது என்று 1995-இல் எடுத்துக்காட்டினார். ஆகவே, நன்றி மறவாத மாணவன் ஒருவன் 'மை டீச்சர் காஸ்ட் மை சக்ஸஸ்' என்று எழுதுவானாயின், இலக்கணப் பிழை இல்லாதிருந்தும் அது ஆங்கிலேயர் செவிக்கு நெருடும். 'வெற்றியை இழைத்தார்' என்று எழுதினால் நமக்கு எப்படியோ அப்படியே. 'ஐ ஓ மை சக்ஸஸ் டு மை டீச்சர்' என்பதே நன்று. ஆயினும், பெயர்ச்சொல்லாக வருகையில் 'காஸ் ஃபார் ஜாய்', மகிழ்ச்சிக்குரிய காரணம், என்பதும் வழக்கில் உண்டு.

ஏனைய தொடர்களைச் சுருங்கக் காண்போம்.

'ப்ரிங் அபவுட்': ஒரு மாற்றத்தையோ சமாதானத்தையோ கொண்டுவருதல், முயன்று செய்யும் செயலுக்குப் பொருந்துவது.

'கிவ் ரைஸ் டு': இடமளித்தல். ஐயம், வதந்தி, மனத்தாங்கல் ஆகியவற்றோடு வரும்.

'லீட் டு': இட்டுச் செல்லுதல். இடையே பல படிகள் இருக்கலாம் என்பது குறிப்பு.

'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃப்ரம்': முன்னதன் பின் விளைவு வரும், பின்னதன் பின் காரணம் வரும். ஓர் இடைச்சொல் மாறினால் தந்தை மகனாகிவிடுவார்!

'கான்ட்ரிப்யூட் டு': பங்களித்தல். இது காரணங்களுள் ஒன்று. முழுக் காரணம் அன்று.

மேலும், 'காஸ்' என்பதன் பின் 'ஆஃப்' வரும். 'ரீஸன்' என்பதன் பின் 'ஃபார்' வரும். விபத்து நிகழ்ந்ததற்கு 'காஸ்' உண்டு. விடுப்புக் கேட்பதற்கு 'ரீஸன்' உண்டு.

இவை தேர்வு எழுதுவோர்க்கு மட்டும் உரியவை அல்ல. மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் மருத்துவர் எழுதும் இறப்புக் காரணச் சான்றிதழைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி அதன் படி ஒன்று நெருங்கிய உறவினருக்கும் தரப்படுகிறது. அது இரு பகுதிகளை உடையது. முதற்பகுதியின் மேல்வரியில் 'இம்மீடியட் காஸ்', அதாவது உடனடிக் காரணம். அதன்கீழ் 'டியூ டு' என்று அச்சிட்டு, அதற்கு முன்னிகழ்ந்த காரணம். மூளையில் இரத்தக் கசிவு என்று மேலேயும், உயர் இரத்த அழுத்தம் என்று கீழேயும் இருந்தால், பின்னதால் முன்னது உண்டாயிற்று என்பது பொருள். முறையாக எழுதப்பட்ட சான்றிதழில் கடைசி வரியில் நிற்பதே அடிப்படைக் காரணம். 'அண்டர்லையிங் காஸ்' என்பர். இரண்டாம் பகுதியில் வருவன 'கான்ட்ரிப்யூட்டிங்' என்னும் சொல்லால் குறிக்கப்படும் பிற நோய்கள். அவை உடலைத் தளர்த்தி மரணத்துக்குத் துணைநின்றவை. மரணத்தில் முடிந்த அந்தத் தொடரைத் தொடங்கிவைத்தவை அல்ல.

இவ்வேற்றுமை அறியாத வீட்டில் என்ன நேரும்? இரண்டாம் பகுதியில் 'டயபடிஸ்' என்று கண்டவுடன், 'சர்க்கரைதான் அப்பாவைக் கொன்றது. அண்ணி இனிப்புக் கொடுத்ததுதான் காரணம்' என்று துக்க வீட்டிலேயே பேச்சு எழும். பதினாறாம் நாள் கழிவதற்குள் குடும்பம் இரண்டுபடும். 'பங்களித்தது' என்று மருத்துவர் அளந்து எழுதிய சொல்லை, 'கொன்றது' என்று நாம் அளவின்றிப் பெயர்த்துக்கொள்வதால் விளையும் கேடு இது.

அலுவலகங்களில் வழங்கும் 'ஷோ காஸ் நோட்டீஸ்' என்பதையும் அறிந்துகொள்வது நலம். இதனைக் கண்டவுடன் பலர், தவறு எவ்வாறு நிகழ்ந்தது என்னும் கதையை மட்டும் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புகின்றனர். ஆனால் அக்கடிதம் வினவுவது, 'உம்மீது ஏன் நடவடிக்கை எடுக்கலாகாது?' என்பதாகும். அந்த வினாவுக்கு நேரான விடை இல்லையேல், நிகழ்ந்ததை விவரித்தும் பயன் குறைவே.

இங்கு 'காஸ்' என்பது நியாயம் என்னும் பொருளில் நிற்கிறது. இதன் மூலமான இலத்தீன் சொல் 'காவுசா'. அது காரணத்தையும் குறிக்கும், வழக்கையும் குறிக்கும். நீதிமன்றத்தின் அன்றாட வழக்குப் பட்டியல் 'காஸ் லிஸ்ட்' எனப்படுவது இதனாலேயே. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் அவர்களுக்காகப் பல்லாண்டுகள் நடந்த திருச்சபை விசாரணையும் ஆங்கிலத்தில் 'காஸ்' என்றே வழங்கப்பட்டது.

வாசகர்களே, காரணம் கூறுவது பல வேளைகளில் பழியைப் பங்கிடுவதாக அமைந்துவிடுகிறது. ஆங்கிலம் அதற்கெனப் பல அளவைகளை வைத்திருக்கிறது: முழுதும் விளைத்தது, இட்டுச் சென்றது, இடமளித்தது, பங்களித்தது என்று. கடிதம் எழுதுமுன், இவற்றுள் எது உண்மையோ அதை மட்டும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். தமிழில் பேசும்போதும், 'எல்லாம் உன்னால்தான்' என்று வாய் திறக்குமுன், இந்த அளவைகளை ஒருமுறை நினைவுகூர்தல் குடும்பத்துக்கு நலம் பயக்கும்.

பிள்ளைகளுக்குச் சிறு பயிற்சி: 1) மழை பயிரை நாசமாக்கியது. 2) உழைப்பு உயர்வுக்கு இட்டுச் சென்றது. 3) அவர் மௌனம் ஐயத்துக்கு இடமளித்தது. இவற்றுக்கு ஏற்ற ஆங்கில வினைத்தொடர் யாது?

விடை: 1) காஸ் டேமேஜ். 2) லீட் டு. 3) கிவ் ரைஸ் டு.