காசு கொடுத்து வியர்ப்பது

சரித்திர வகுப்பில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இப்போது டென்மார்க் தேசத்தில் எஞ்சினீயராக இருக்கிறான். சென்ற மாதம் ஊருக்கு வந்தவன், பழைய வாத்தியாரை மறவாமல் வீடு தேடி வந்தான். "விடுமுறையை எங்கே கழித்தாய், அப்பா?" என்று விசாரித்தேன்.

"ஒரு தீவில், ஸார். ஏழு நாளும் காலையில் சைக்கிள் மிதித்தேன். சாயங்காலத்தில் நீச்சல்."

"என்ன சம்பளம் கொடுத்தார்கள்?"

"சம்பளமா? நானல்லவா பணம் கட்டினேன், ஸார்!"

காப்பி கொண்டுவந்த என் மனைவி இதைக் கேட்டுத் திகைத்து நின்றுவிட்டாள். நம் இல்லங்களில் விடுமுறைக்கு என்று ஒரு சாஸ்திரம் உண்டு. பகல் போஜனம் சற்றுத் தாமதமாக நடக்கும். பிறகு பாய் விரிக்கப்படும். நாலு மணிக்குப் பலகாரத்தின் வாசனை வந்து எழுப்பும். பலகாரம் செய்கிறவளுக்கு விடுமுறை எப்போது என்று எந்தச் சாஸ்திரத்திலும் எழுதியிருப்பதாகத் தெரியவில்லை.

அவன் போன தீவின் பெயர் லான்ஸரோட்டே. ஸ்பெயினுக்கு உட்பட்ட கானரித் தீவுகளுள் ஒன்று. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கிலோ மீட்டர் தூரத்தில் அட்லாண்டிக் சமுத்திரத்தில் இருக்கிறது. வட ஐரோப்பாவின் வீதிகள் பனியில் உறைந்து கிடக்கும் ஜனவரி மாதத்திலும் இங்கே பகலில் 20 டிகிரி உஷ்ணம் இருக்கும். 1983-ஆம் ஆண்டில் டென்மார்க்காரர்கள் இத்தீவின் வடமேற்குக் கரையில், லா ஸாந்தா என்னும் கிராமத்துக்கு அருகே, கிளப் லா ஸாந்தா என்ற விளையாட்டு விடுதியைத் திறந்தார்கள். 50 மீட்டர் நீச்சல் குளங்கள், 400 மீட்டர் ஓட்டப் பாதை, பந்தாட்டக் களங்கள், வாடகைச் சைக்கிள்கள், பக்கத்திலேயே படகு விட ஒரு காயல் என்று யாவும் அங்கே உண்டு. பெரிய பந்தயங்களுக்குப் பயிலும் வீரர்களும், தொந்தி சரிந்த ஆபீஸ்காரர்களும் அடுத்தடுத்து நீந்துகிறார்கள். காலையில் எல்லோரும் கூடித் தேகாப்பியாசம் செய்கிறார்கள். பாட்டியும் பேரனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையைத் தூக்கி இறக்குவதாக அவன் சொன்னபோது எனக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. பரீட்சை நெருங்கினால் நம் பள்ளிக்கூடங்களில் டிரில் பீரியடைப் பாட உபாத்தியாயர்கள் பறித்துக்கொள்வது வழக்கம். நானும் பறித்திருக்கிறேன்.

அத்தீவில் சைக்கிள்காரனுக்கு விரோதி மலையன்று; காற்று. மிக உயர்ந்த சிகரமே 670 மீட்டர்தான். ஆனால் வடகிழக்கிலிருந்து சமுத்திரத்தைத் தாண்டி வரும் வாடைக்கு நடுவில் நிற்க ஒரு மரம் கிடையாது. 1992 முதல் அங்கே நடந்துவரும் முவ்வகைப் பந்தயத்தில் 3.8 கிலோ மீட்டர் நீந்தி, 180 கிலோ மீட்டர் சைக்கிள் மிதித்து, அதன்மேல் 42.2 கிலோ மீட்டர் ஓட வேண்டும். இவ்வகைப் பந்தயங்களுள் கடுமையானவற்றில் ஒன்று என்று பெயர் வாங்கியதற்கு, அதன் ஏற்றங்களோடு இந்தக் காற்றும் காரணம்.

பந்தயப் பாதையின் இரு புறமும் பல மைல் தூரம் கறுத்த பூமி. 1730 செப்டம்பரில் டிமன்பாயா பிரதேசத்தில் நிலம் பிளந்து நெருப்பைக் கக்கத் தொடங்கிற்று. 1736 வரையில் ஓயவில்லை. யைஸா என்ற ஊரின் பாதிரியார் அந்த உற்பாதத்தை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். தீவில் சுமார் கால் பாகம் எரிமலைக் குழம்பிலும் சாம்பலிலும் மூழ்கியது. நல்ல தானிய நிலமும் கிராமங்களும் அதில் போயின. இன்றைக்கும் அங்கே சில இடங்களில் தரையில் குழி தோண்டிச் சுள்ளியைப் போட்டால் தானே பற்றிக்கொள்கிறது.

மீந்திருந்த குடியானவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? லா ஹேரியா என்னும் இடத்தில், மூடிய சாம்பலை ஆள் உயரத்துக்கும் மேலாகத் தோண்டி, அடியிலிருந்த பழைய மண்ணில் திராட்சைக் கொடியை நட்டார்கள். பெரும்பாலும் ஒரு பள்ளத்துக்கு ஒரே கொடி. காற்று வரும் திசையில் பிறைச் சந்திரனைப் போல் ஒரு கல் சுவர். தீவின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 150 மில்லி மீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. ஆனால் கரிய சாம்பல் பனி ஈரத்தை வாங்கி, கீழே இறக்கி, வெயில் உறிஞ்சாமல் மூடிக் காக்கிறது. ஊரை அழித்த சாம்பலே பயிருக்குப் போர்வையாயிற்று! இந்த வேலைக்கு யந்திரம் உதவாது. கொடிக்குக் கொடி குனிந்து கையால் செய்ய வேண்டும். அவர்களும் வியர்த்தார்கள். ஆனால் அதற்கு விடுமுறை என்று பெயரில்லை.

குடி தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். முற்காலத்தில் மழை நீரைத் தொட்டிகளில் சேர்த்து வைத்தார்கள். வறட்சிக் காலங்களில் கப்பலில் தண்ணீர் வந்தது. 1960-களின் நடுவிலிருந்து கடல்நீரின் உப்பை யந்திரங்களால் நீக்கிக் குடிக்கிறார்கள். அந்த யந்திரங்களுக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி இறக்குமதி எண்ணெயை எரித்துக் கிடைப்பது. ஆகவே விருந்தாளி குளித்துவிட்டுக் குழாயை மூட மறந்தால், தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்தே ஓடுகிறது. 1992-ல் காலமான ஸேஸார் மன்ரிக்கே என்ற கலைஞர் அத்தீவில் பிறந்தவர். உயர்ந்த கட்டிடங்களும் விளம்பரப் பலகைகளும் தீவைக் கெடுக்காதபடி ஆயுள் முழுவதும் மன்றாடியவர். வெள்ளைச் சுவரும் தாழ்ந்த கூரையுமாக அத்தீவின் வீடுகள் இன்றும் இருப்பதற்கு அவருக்கே பெரிதும் கடமைப்பட்டிருக்கிறார்கள். இருந்தும் 2024 ஏப்ரலில் கானரித் தீவுகள் நெடுகிலும் பல்லாயிரம் ஜனங்கள் தெருவில் இறங்கி, யாத்திரிகர் கூட்டத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று முழங்கினார்கள். வாடகை ஏறி, தங்கள் ஊரிலேயே தங்களுக்கு வீடு கிடைக்கவில்லை என்பது அவர்களுடைய முறையீடு. நியாயமான முறையீடு என்றே நினைக்கிறேன்.

"அந்தத் திராட்சைத் தோட்டங்களை நின்று பார்த்தாயா?" என்று மாணவனைக் கேட்டேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். "ஐந்து நாள் வரையில் பார்க்கவில்லை, ஸார். முன் சக்கரத்தையும் வேகம் காட்டும் கருவியையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் எதிர்க்காற்றில் மிதிக்க முடியாமல் இறங்கி, ஒரு கல் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். சுவர் என் இடுப்பு உயரங்கூட இல்லை. அதற்குப் பின்னால் ஓர் இலைகூட அசையவில்லை. தூரத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வரவேற்கிறார் என்று நானும் கையை ஆட்டினேன். பிறகுதான் புரிந்தது. சாம்பலை மிதிக்காதே என்கிறார்."

"அப்புறம்?"

"நான் வைத்த அடிகளிலேயே திரும்பக் கால் வைத்து வெளியே வந்தேன், ஸார். அவர் குந்தாணி போல் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, நான் சாலைக்கு வந்து சேரும் வரையில் பார்த்துக்கொண்டே இருந்தார்."