அட்டையில் தங்கிய பணம் யாருடையது?

சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் தனது பழைய பிரயாண அட்டைகளில் பணம் சேர்க்கும் வசதியை 2025 ஆகஸ்டு 1-ந் தேதி முதல் நிறுத்திவிட்டது. இருப்பைப் பிரயாணம் செய்தே குறைத்து, அது 50 ரூபாய்க்குக் கீழ் வந்தபின் ஸ்டேஷனில் அட்டையை ஒப்புவித்தால், மீதியும் டிபாசிட்டும் 'சிங்காரச் சென்னை' அட்டைக்கு மாற்றப்படும் என்பது அதன் அறிவிப்பு. சென்னைவாசிக்கு இதில் பெருங் கஷ்டமில்லை. வைத்தியத்துக்கோ ஹைகோர்ட்டு வழக்குக்கோ எப்பொழுதாவது அங்கு செல்லும் காரைக்கால்வாசியின் கதி என்ன? நூறு ரூபாயை மீட்க அதனினும் அதிகம் செலவழித்துப் போவார் உண்டோ?

இதனினும் விபரீதமானது ரிசர்வ் பாங்கியின் 2024 பிப்ரவரி விதி. ஆளடையாளம் கேளாது வழங்கப்படும் பிரயாண அட்டைகளில் 3,000 ரூபாய் வரை இருக்கலாம். ஆனால் அதை ரொக்கமாக எடுக்கவோ, திரும்பப் பெறவோ, பிறருக்கு மாற்றவோ கூடாதாம். கள்ளப் பணத்தைத் தடுப்பதே நோக்கமென்பர். நோக்கம் சரியே. ஆனால் உரியவனது பாங்கிக் கணக்கிலேயே மீதியைச் சேர்ப்பதில் கள்ளம் எங்கே?

பாங்கியில் பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டிபாசிட்டு, 2014-ல் ஏற்பட்ட தனி நிதிக்குச் செல்கிறது. எனினும் உரியவன் கேட்டால் கொடுத்தே தீரவேண்டும். செல்வனுடைய டிபாசிட்டுக்கு உள்ள இந்த நியாயம் ஏழைப் பிரயாணியின் சில்லறைக்கு ஏன் இல்லை?

செய்யாத பிரயாணத்துக்குக் கட்டணம் வாங்க எவருக்கும் பாத்தியதை இல்லை. ஆகவே இவ்விதி திருத்தப்படவேண்டும். இருந்த இடத்திலிருந்தே மீதியைப் பெற வழி செய்யவேண்டும். தேங்கிய தொகை எவ்வளவென்று வருஷந்தோறும் வெளியிடவேண்டும். இது சலுகையன்று, உரிமை.