ஒட்டுச் சுவரில் ஓதம்

திருவல்லிக்கேணி போன்ற இடங்களில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருக்கும் சகோதரிகளே! ஐப்பசி அடைமழையில் கூடத்துச் சுவர் ஊறியதும், "எல்லாம் அடுத்த வீட்டுக்காரியால்தான்!" என்று வாய் முந்திக் கொள்கிறதல்லவா? எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இப்படிச் சொல்லி, இரண்டு வருஷம் பேச்சை நிறுத்தினாள். கடைசியில் பார்த்தால், அவள் வீட்டு மாடித் தூம்பே அடைத்திருந்தது!

ஆகவே முதலில் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பளவுக்குள் உப்புப் பூத்திருந்தால், அது பெரும்பாலும் பூமியிலிருந்து ஏறும் ஓதம். யார் மேலும் குற்றமில்லை. சுவர் நடுவில் திட்டாக நனைந்து கோடையிலும் காயாவிட்டால், குழாய்க் கசிவாக இருக்கும். மழையில் மட்டும் மேலிருந்து இறங்கினால், மாடியில் விரிசலோ தூம்பு அடைப்போ இருக்கும்.

பிறகு அடுத்த வீட்டு மாமியைக் காபிக்குக் கூப்பிடுங்கள். இருவருமாக ஒரே கொத்தனாரிடம் காட்டுங்கள். குழாயும் தூம்பும் யாருடையவையோ, செலவும் அவருடையது; பொதுச் சுவருக்கு ஆளுக்குப் பாதி என்பதே நியாயம். வேலை தொடங்குமுன் அதைக் காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசி மறைக்காதீர்கள். அடைபட்ட ஈரம் மேலே ஏறும்; அல்லது மாமி வீட்டுப் பக்கம் தலைகாட்டும். சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், நீங்கள் தட்டப்போவதும் அந்தச் சுவரைத்தானே!