அவர் வாசிக்கிறார், இவன் அடிக்கிறானா?

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஒரு காலனியில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். ஏன் என்று கேட்டோம்.

"மோளம் அடிக்கிறாருன்னு எழுதுனா சிரிப்பாங்கக்கா. மாமல்லபுரத்துல டான்ஸுக்கு மிருதங்கம் வாசிக்கிறாருன்னு சொல்றாங்க. எங்கப்பா மட்டும் ஏன் அடிக்கிறாரு?"

எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை.

தோழர்களே, இரண்டுமே தோல் கருவிகள். மிருதங்கத்தில் மாட்டுத்தோல் இருக்கிறது. அதைச் செய்து கொடுப்பவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். இதை விரிவாக எழுதிய டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' நூல் 2020இல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்கு முதலில் கொடுத்த அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றது. குச்சியால் அடிப்பதுதான் வேறுபாடு என்றும் சொல்ல முடியாது. தவிலையும் ஒரு பக்கம் குச்சியால்தான் அடிக்கிறார்கள். ஆனாலும் 'தவில் வாசிக்கிறார்' என்கிறோம். வினைச்சொல்லைத் தீர்மானிப்பது கருவி அல்ல, அதைத் தொடும் கையின் சாதி.

அப்படியென்றால் 'அடி' கேவலமான சொல்லா? குறளுக்கு இரண்டு அடி. எழுத்து, அசை, சீர், தளை, அடி என்று யாப்பிலக்கணம் படிக்கிறோம். பறைக் கலைஞர்களும் ஒத்தையடி, சாமிச்சாட்டு அடி, மாரடிப்பு அடி என்றுதான் தங்கள் தாளங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கையிலிருக்கும் குச்சிகளின் பெயர் அடிக்குச்சி, சுண்டுகுச்சி. புலவரின் அடியும் பறைக்காரரின் அடியும் ஒலியில் ஒன்றுதான். இழிவு அந்தச் சொல்லில் இல்லை. 'அடிக்கிறான்' என்ற விகுதியில் இருக்கிறது. 'சாவு விழுந்துடுச்சு, வந்து அடிடா' என்ற கட்டளையில் இருக்கிறது.

'பறை' என்றால் சொல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு அதுதான் சொல். தொல்காப்பியம் நிலத்தின் கருப்பொருள்களில் தெய்வம், உணவோடு பறையையும் சேர்த்தது. நம் கடற்கரையான நெய்தலுக்கும் பறை உண்டு. அந்தப் பறையிலிருந்து வந்த நம் பெயரை ஆங்கிலம் 'பரையா' என்று எடுத்து, ஒதுக்கப்பட்டவன் என்று அகராதியில் எழுதிக்கொண்டது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். வசையாக வீசப்பட்ட பெயரை அவர் தலைப்பாக அச்சிட்டார்.

நம் இயக்கத்தில் இரண்டு குரல்கள் உண்டு. பறையைக் கீழே போடு என்பது ஒன்று. கையில் எடு என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறதா? கூப்பிட்டால் போயே ஆக வேண்டும் என்றால் அது அடிமைத்தனம். தலித்துகளைக் கட்டாய வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விரும்பி எடுத்தால் அது கலை. 2025இல் பறை இசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாங்களும் மகிழ்ந்தோம். ஆனால் ஒருவருக்குக் கிடைத்த விருது, சாவு வீட்டுக்கு வர மறுக்கும் இன்னொருவரை ஊரின் கோபத்திலிருந்து காப்பாற்றாது.

ஊரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. நாம் நடத்தும் கூட்டங்களில் என்ன நடக்கிறது? பறைக்குழுவைக் கடைசி நேரத்தில் கூப்பிடுகிறோம். கூட்டம் சேரும்வரை வெயிலில் அடிக்க வைக்கிறோம். பஸ் காசு கொடுத்து அனுப்பிவிட்டு, பேச்சாளருக்குச் சால்வை போடுகிறோம். நாங்களும் இதைச் செய்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணிடம் இன்ன வார்த்தைதான் எழுத வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. எதை எழுதினாலும் சிரிக்காத வகுப்பறை அவளுக்கு வேண்டும். அதற்கான வேலையை நம்மிடமிருந்தே தொடங்கலாம். சம்பளத்தை முன்கூட்டியே பேசுங்கள். 'ர்' விகுதியை விடாதீர்கள். அடுத்த கூட்டத்து நோட்டீஸில் பறைக் கலைஞர்களின் பெயர்களை முதலில் போடுங்கள். பேச்சாளர்களின் பெயர்கள் அதற்குக் கீழே வரட்டும்.