போட்டோ மாதிரியே இருக்குன்னு சொல்லாதீங்க

கரித்துண்டுல ஒரு முகம் வரைஞ்சு காட்டினா நம்ம மக்கள்கிட்டேயிருந்து வர்ற உச்சபட்ச பாராட்டு என்ன தெரியுமா? "அச்சு அசல் போட்டோ மாதிரியே இருக்குப்பா!" இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. போட்டோ மாதிரி வேணும்னா போட்டோவே எடுத்துட்டுப் போலாமே சாமி. எதுக்கு விரலெல்லாம் கரியாக்கிக்கிட்டு மூணு மணி நேரம் உக்காரணும்?

வரையப் பழகுறவனைக் கெடுக்கிறதே இந்தப் பாராட்டுதான். நடிகர் படத்தை பிரிண்ட் எடுத்து, ஸ்கேல் வச்சு கட்டம் போட்டு, தாள்லயும் கட்டம் போட்டு, ஒவ்வொண்ணா நிரப்பறாங்க. அந்தக்கால சினிமா பேனர் ஓவியர்களும் கட்டம் போட்டாங்கதான். உள்ளங்கை அளவு ஸ்டில்லை அறுபதடிக்குப் பெருசாக்கணும், படம் ரிலீஸ் ஆகணும், அது தொழில். பொட்டி தட்டுற வேலை முடிஞ்சு ஆசைக்கு வரையற நமக்கு என்ன அவசரம்? கட்டத்துக்குள்ள பார்க்கும்போது நாம முகத்தைப் பார்க்கறதில்லை, ஒரு சதுரத்தைத்தான் பார்க்கறோம்.

காப்பியே அடிக்கக்கூடாதான்னா, அடிக்கலாம். வான்கோ 1880-81ல சார்ல்ஸ் பார்க்கோட கரிப் பயிற்சிப் படங்களை உக்காந்து காப்பியடிச்சவர்தான். 1890லயும் மறுபடி அடிச்சார். ஆனா அது இன்னொரு ஓவியன், எதை வைக்கணும் எதை விடணும்னு முடிவு பண்ணிப் போட்ட கோடு. செல்போன் கேமரா அப்படி எதையும் முடிவு பண்றதில்லை. கை நீட்டி எடுத்தா மூக்கைப் பெருசாக்கும், ப்ளாஷ் போட்டா நிழலைத் தின்னுடும். கரிக்கு நிழல்தானே சாப்பாடு!

இன்னொண்ணு. வில்லோ கரி தாளைக் கெட்டியா பிடிக்காது. துணியால ஒரு தட்டு தட்டினா போயிடும். இதைக் குறைன்னு நினைச்சு, எடுத்தவுடனே கம்ப்ரஸ்டு சார்க்கோலுக்குத் தாவறாங்க. குறையே இல்லைங்க, அதுதான் அதோட வசதி. உயிரோட இருக்கிற முகம் அசையும். நாமளும் துடைச்சுத் துடைச்சுக் கூடவே போகலாம்.

ஊருக்குப் போனப்போ அப்பத்தாவை ஜன்னலோரமா உக்காரவச்சேன். முதல் கால்மணி நேரம் வோட்டர் ஐடிக்கு முழிக்கிற மாதிரியே விறைப்பு. அப்புறம் வெத்தலையை மடிச்சுப் போட்டுக்கிட்டு, யாரோட கடனையோ பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. தோள் இறங்குச்சு, கண்ணு சுருங்குச்சு, அப்பதான் முகம் வந்துச்சு. ரெண்டு தடவை காதைத் துடைச்சேன், தாடையை எத்தனை தடவைன்னு கணக்கில்லை. முடிச்சுக் காட்டினதும், "ஏய்யா, இது எங்க ஆத்தாளால்ல இருக்கு"ன்னாங்க. அவங்க ஆத்தாளுக்கு ஒரு போட்டோகூட கிடையாது. பக்கத்துல நின்ன சித்தி, "போட்டோ மாதிரி இல்லையே" :-)

நம்ம வீடுகள்ல ஆள் போனதுக்கப்புறம்தான் ஸ்டாம்ப் சைஸ் போட்டோவைத் தூக்கிட்டு வருவாங்க. "இதைப் பார்த்துப் பெருசா வரைஞ்சு தாயேன்." எனக்கு அதுல வரைய ஒண்ணுமில்லை. முன்னாடியே ஒரு மணி நேரம் அவரை உக்காரவச்சிருக்கலாம், திண்ணையிலதானே இருந்தார்?

"சிட்டியில எனக்கு யாருங்க உக்காருவா?" கண்ணாடி இருக்கே! கேத்தே கோல்விட்ஸ் வாழ்நாள் பூரா தன் முகத்தையே வரைஞ்சுக்கிட்டு இருந்தவங்க. 1933ல தான் வரையறதையே கரியில வரைஞ்சாங்க. இப்போ வாஷிங்டன் நேஷனல் கேலரியில இருக்கு. முகத்தைப் பொறுமையா போட்டுட்டு, கையை மட்டும் கரியைப் படுக்கவச்சு சரசரன்னு இழுத்து விட்டிருப்பாங்க. யாரும் அதைப் போட்டோன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா அந்தக் கையில இருக்கிற வேகம் எந்தப் போட்டோவுல வரும்?

ஆணி முடிஞ்சு வந்ததும் ட்யூப்லைட்டை அணைங்க. ஒரு பக்கமா டேபிள் லாம்ப், முன்னாடி கண்ணாடி, மடியில பழைய வேட்டித்துணி. இருபது நிமிஷம் போதும். முதல் பத்து நாளைக்கு உங்களை மாதிரி வராது, உங்க பெரியப்பா மாதிரி வரும். பரவாயில்லை, துடைச்சுட்டு மறுபடி போடுங்க.